மூத்தவர் கை எங்கே இருக்க வேண்டும்?

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றிவரும் பனாமேக்ஸ் வகைக் கப்பல் ஏறத்தாழ 225 மீட்டர் நீளமும் 32 மீட்டர் அகலமும் இருக்கும். அதைக் கடல் கடலாகச் செலுத்திவந்த கேப்டனும்கூடத் துறைமுக வாய்க்கு வெளியே நின்று, உள்ளூர்ப் பைலட் ஏறிவரக் காத்திருப்பார். பைலட் கட்டாயமான துறைமுகங்களில் 200 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல் எதுவும் பைலட் இல்லாமல் நுழையவோ நகரவோ கூடாது என்று 1908-ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகங்கள் சட்டத்தின் 31-ஆம் பிரிவு விதித்தது. நூறாண்டுக்கு மேல் அந்த விதிதான் நடப்பில் இருந்தது. பைலட் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணியில் ஏறி பிரிட்ஜுக்கு வருகிறார். சில சமயம் அவர் பின்னாலேயே இன்னொருவரும் ஏறிவருவார். பயிற்சியில் இருப்பவர். கடல் தொழிலுக்கு அவர் புதியவரல்ல. மாஸ்டர் சான்றிதழ் வாங்கியவர், ஆண்டுக்கணக்கில் கடலில் இருந்தவர். இந்த வாய்க்கும் இந்தக் காற்றுக்கும் மட்டுமே புதியவர்.

தொடக்கத்தில் மூத்தவர் கட்டளையிடுவார், புதியவர் பார்ப்பார். பிறகு ஒருநாள் புதியவர் கட்டளையிடுவார். மூத்தவர் கண்ணாடி ஓரமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அன்றைக்கு அவர் பார்க்கும் வேலை மற்ற நாளைவிடக் கடினமானது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதையும் செய்யக் கூடாது.

புதிதாக வந்தவரின் வேலையை நீங்களே செய்துகொடுக்காதீர்கள், அவரைத் தன் காலில் நிற்க விடுங்கள் என்று இன்று எல்லா நிறுவனங்களும் சொல்கின்றன. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் எல்லா வேலைக்கும் எல்லா நாளுக்கும் பொருந்தும் பொது மருந்தாக அதை ஓதும்போது எனக்கு உடன்பாடில்லை. மூத்தவர் எவ்வளவு தூரம் கையை விலக்கலாம் என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன. செய்த தவறு எவ்வளவு நேரத்தில் தெரியவரும்? அதன் விலை யார் தலையில் விழும்? தூத்துக்குடியின் கடல் தொழில்களை இந்த இரண்டு கேள்விகளோடு பார்த்தால், இந்த வழக்கத்தின் பலமும் தெரியும், அது எங்கே ஆளைக் கவிழ்க்கும் என்பதும் தெரியும்.

கப்பலுக்குப் பிரேக் கிடையாது. சுக்கானைத் திருப்பச் சொன்ன பிறகும் முன்முனை சற்று நேரம் பழைய திசையிலேயே போகும். எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டச் சொன்னாலும் அத்தனை ஆயிரம் டன்னும் வந்த வேகத்தில் இன்னும் கொஞ்ச தூரம் நகரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சரக்கிறக்கிய வெறுங்கப்பல் பக்கவாட்டில் காற்றை அள்ளி வாங்கும். இந்தத் தொழிலில் புதியவர் தன் தவறை உணரும் நொடியில், திருத்துவதற்கான நேரம் பெரும்பாலும் போயிருக்கும். அதனால் கற்றுக்கொடுக்கும் பைலட் மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த மிதவையைத் தாண்டும்போது வேகம் குறைந்திருக்காவிட்டால் நான் வாய் திறப்பேன், அதுவரை திறக்கமாட்டேன். கோட்டுக்கு முன்னால் பேசினால் புதியவர் கற்கமாட்டார். கோட்டுக்குப் பின்னால் பேசினால் வார்ஃபில் கப்பல் இடிக்கும். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பதை ஏணி ஏறுவதற்கு முன்பே புதியவரிடம் சொல்லிவிடுகிறவரே நல்ல ஆசான். சொல்லிவிட்டால், நடுவில் மூத்தவர் குறுக்கிட்டாலும் அது அவமானமாகப் படாது.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2003-இல் நிறைவேற்றிய ஏ.960 தீர்மானமும் இதைத்தான் கேட்கிறது: பைலட் பயிற்சி என்பது அனுபவமுள்ள பைலட்களின் நெருங்கிய மேற்பார்வையில் பெறும் நேரடி அனுபவத்தை உள்ளடக்கியதாக இருக்க வேண்டும். சின்னக் கப்பலில் தொடங்கி, நீளமும் மிதவை ஆழமும் கூடிய கப்பல்களுக்குப் படிப்படியாக உரிமம் கொடுப்பது துறைமுகங்களின் வழக்கம். சுதந்திரத்தை மொத்தமாகக் கொடுக்காமல் மீட்டர் கணக்கில் அளந்து கொடுக்கிறார்கள். பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்துக்குப் பக்கத்தில் போர்ட் ரெவெல் என்ற இடத்தில் 1967 முதல் ஒரு ஏரியில் பைலட்களுக்குப் பயிற்சி நடக்கிறது. உண்மைக் கப்பலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிக் கப்பலில் ஆளே உட்கார்ந்து ஓட்ட வேண்டும். அளவு இப்படிச் சுருங்கும்போது நேரமும் ஐந்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. கடலில் பத்து நிமிடம் கழித்துத் தெரியும் தவறு ஏரியில் இரண்டே நிமிடத்தில் வந்து நிற்கும். இடித்தாலும் நட்டம் அற்பம். நான் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை கண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். புதியவர் தயாராகிவிட்டாரா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் மூத்தவரின் கண். அந்தக் கண்ணுக்கு விருப்பு வெறுப்பு உண்டு. தேர்வும் எழுத்துப் பதிவும் அதனால்தான் தேவைப்படுகின்றன.

இதே கடலில் பழைய தொழில் ஒன்று இருந்தது. முத்துக் குளிப்பவர் கல்லைக் காலில் கோத்துக்கொண்டு பாருக்கு இறங்குவார். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இருப்பவை. மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். இறங்கியவர் தரையைத் தொட்டதும் கல்லை இழுத்துக்கொள்வார். கயிறு அசைந்ததும் சிப்பிப் பையையும் ஆளையும் தூக்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். கயிறு பிடித்தவர் ஒரு சிப்பியைக்கூட எடுத்துக்கொடுக்க முடியாது. புதியவரே எடுக்க வேண்டும், புதியவரே கயிற்றை அசைக்க வேண்டும். கற்றுக்கொடுப்பதும் விலகி நிற்பதும் இவ்வளவு சுத்தமாகப் பிரிந்த தொழில் வேறு எனக்குத் தெரியவில்லை. கயிற்றை மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பார் என்று இந்தப் பக்கம் சொல்லக் கேட்டிருக்கிறோம். மலையேறினாலும் மச்சான் தயவு வேண்டும் என்ற பழமொழிக்கு, மலையில் தேன் எடுப்பவரோடு கடலில் குளிப்பவரையும் சேர்த்து விளக்கம் சொல்வார்கள். உடன்பிறந்தவள் தாலி அறுக்கக் கூடாது என்பதால் மச்சான் கவனம் தப்பமாட்டான் என்பது கணக்கு. இரண்டாவது கேள்விக்கு இதைவிடக் கூர்மையான விடை கிடையாது. புதியவர் தவறினால் மூத்தவருக்கும் வலிக்க வேண்டும். வலிக்காதவர் கையில் கயிற்றைக் கொடுக்கக் கூடாது.

ஆனால் அதே ஏற்பாட்டின் மறுபக்கம், தொழில் சொந்தபந்தத்துக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு தூத்துக்குடி முத்துக் குளிப்பு நின்றுபோனது.

முத்துக் குளிப்பு நின்ற பிறகு முத்து வளர்ப்பு வந்தது. நான் சொல்லவந்ததற்கு மிக நெருக்கமான வழக்கு அதுதான். வளர்ப்பு முத்தின் உயிர்நாடி ஒரு சிறு அறுவை. சிப்பியை மயக்கத்தில் ஆழ்த்தி, ஓட்டைச் சற்றே திறந்து, அதன் காலின் அடியில் கீறி, உள்ளே ஒரு தடம் போட வேண்டும். இன்னொரு சிப்பியின் மேலுறைத் திசுவிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் வெட்டிய துண்டையும், ஓட்டிலிருந்து கடைந்த உருண்டை மணியையும் அந்தத் தடத்தில் வைக்க வேண்டும். திசுத் துண்டின் எந்தப் பக்கம் மணியைத் தொடுகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது. முத்துப்பூச்சு சுரப்பது வெளிப்பக்கச் செல்கள்தான். அந்தப் பக்கம் மணியை ஒட்டியிருக்க வேண்டும். துண்டு புரண்டால் மணி மணியாகவே கிடக்கும். புரண்டதா இல்லையா என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. சில சிப்பிகள் சில நாளில் மணியைத் துப்பிவிடும், சில செத்துப்போகும், மற்றவை சில மாதமோ ஓராண்டுக்கு மேலோ கடலில் தொங்கிய பிறகு விடை சொல்லும்.

இந்த அறுவையை ஜப்பான் பல காலம் அடுத்தவருக்குக் காட்டவில்லை. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அது கொள்கையாகவே இருந்தது: வெளிநாட்டில் பண்ணை வைத்தாலும் நுட்பம் ஜப்பானியர் கையிலேயே இருக்க வேண்டும், விளையும் முத்தும் ஜப்பான் வழியாகவே சந்தைக்குப் போக வேண்டும். 1956-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய குரி பே பண்ணையில் ஜப்பானியத் தொழில்நுட்பர்கள் வந்து மணி வைத்தார்கள். முத்து விளைந்தது, அருமையான முத்து. அறுவை மட்டும் உள்ளூர் ஆட்களின் கண்ணுக்கு மறைவாகவே நடந்தது. வேலையைச் செய்துகொடுப்பது என்ற வழக்கத்தின் உச்சம் இது. விளைச்சலுக்குக் குறைவில்லை, ஆனால் பண்ணைக்குச் சொந்தமாக ஒரு கை உருவாகவில்லை.

தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமியும் குழுவினரும் 1973-இல் உருண்டை முத்தைத் தாங்களே உருவாக்கினார்கள். 1981-இல் முத்துச் சிப்பியைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே வளர்த்தெடுத்தார்கள். பிறகு அந்த நிறுவனம் மாநில மீன்வளத் துறைகளிலிருந்து வந்தவர்களுக்கும் அறுவையைச் சொல்லிக்கொடுத்தது. இந்தக் கதவைத் திறந்ததற்காக அவர்களை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை என்பது என் ஆதங்கம்.

இங்கே புதியவர் கையில் கத்தியைக் கொடுக்க யோசிக்கவே வேண்டாம். ஒரு சிப்பி செத்தால் பெரிய நட்டமில்லை. சிக்கல் முதல் கேள்வியில் இருக்கிறது. தவறு மாதங்கள் கழித்துத்தான் திரும்பி வருகிறது, அதுவும் பெயரில்லாமல் வருகிறது. கூண்டில் கிடக்கும் நூறு சிப்பியில் நான் புரட்டிய துண்டு எது என்று எனக்கு எப்படித் தெரியும்? கையை விட்டுவிட்டேன், அவரே செய்யட்டும் என்று ஆசான் ஒதுங்கினால், புதியவர் தவறையே ஆயிரம் முறை பழகிவிடுவார். ஒவ்வொருவர் வைத்த சிப்பிக்கும் தனிக் கூண்டும் குறிப்பும் வேண்டும். துப்பிய சிப்பியை அடுத்த வாரமே திறந்து இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். விலகி நிற்பதென்றால் அறுவை மேசையிலிருந்து விலகலாம், விளைவைப் பார்ப்பதிலிருந்து விலகக் கூடாது.

நியாயத்துக்காக இன்னொன்றும் சொல்கிறேன். கற்றுக்கொடுத்தும் கடல் முத்து வளர்ப்பு இந்தக் கரையில் பெரிய தொழிலாக வேரூன்றவில்லை. கை தயாராக இருந்தால் மட்டும் போதாது. முதலும் சந்தையும் கடலின் போக்கும் கூடிவர வேண்டும். கற்பித்தலின் மேல் எல்லாப் பாரத்தையும் ஏற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடலை விட்டு ஊருக்குள் வருவோம். கிளியரிங் ஏஜென்சி அலுவலகங்களில் மாலை நேரத்தில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். கன்டெய்னரைக் கொழும்புக்குக் கொண்டுபோகும் ஃபீடர் கப்பலுக்குக் கட்-ஆஃப் நேரம் நெருங்குகிறது. கம்ப்யூட்டர் முன்னால் சேர்ந்து சில மாதமே ஆன பையன். “அண்ணாச்சி, இதுக்கு எந்த எச்.எஸ். கோடு போடணும்?” என்கிறான். அண்ணாச்சி எழுந்துவந்து, “நீ தள்ளுல, நான் பாத்துக்கிடுதேன்” என்று மவுஸை வாங்கிக்கொள்கிறார். ஏற்றுமதிக்கான சுங்க ஆவணமான ஷிப்பிங் பில் நொடியில் ஏறிவிடுகிறது. ஃபீடர் தவறினால் கொழும்பில் நிற்கும் பெரிய கப்பலும் தவறும், பார்ட்டி போனில் கத்துவார். அண்ணாச்சி செய்தது அன்றைக்குச் சரிதான். குற்றம் சொல்ல முடியாது.

குற்றம் மறுநாள் காலையில் இருக்கிறது. நேற்று அந்தச் சரக்குக்கு ஏன் அந்தக் கோடு, ஏன் மற்றது இல்லை என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. இன்றைக்கு மாலையும் அதே காட்சி. இப்படியே ஆண்டுகள் போனால், பையன் எச் கார்டோடு ஆவணம் தூக்கிக்கொண்டு அலைவான். சுங்கத் தரகர் உரிமத்துக்கான 2018-ஆம் ஆண்டு விதிகளில் தேர்வில் தேறியவருக்கு ஜி கார்டு, தேறாத உதவியாளருக்கு எச் கார்டு. ஆவணத்தில் கையெழுத்திடும் அதிகாரம் எச் கார்டுக்கு இல்லை. அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டால் அலுவலகமே அவர் போனுக்காகக் காத்துக் கிடக்கும்.

அண்ணாச்சி ஏன் சொல்லிக்கொடுப்பதில்லை? சோம்பல் என்று சொல்லிவிடுவது அநியாயம். அவர் சம்பளம் ஏறிய பில்லுக்கு. உருவான ஆளுக்கு இல்லை. பையனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டால் நாளைக்கு எதிர்த்த தெருவில் அவனே போர்டு மாட்டுவான், அல்லது பாதிச் சம்பளத்துக்குத் தன் நாற்காலியில் உட்காருவான் என்ற பயமும் உண்டு. அந்தப் பயம் பொய்யில்லை. முதலாளி அதைத் தீர்க்காமல், புதியவர்களை வளர்த்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னால், செலவை மூத்தவர் தலையில் கட்டி லாபத்தைத் தான் எடுத்துக்கொள்வதாகத்தான் ஆகும்.

எந்த வேலையை முதலில் விட்டுக்கொடுப்பது என்பதற்கு, தொழில் கற்பதைப் பற்றி ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இல் எழுதிய நூலில் நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. லைபீரியாவின் தையற்கடைகளில் புதியவர் முதலில் பொத்தான் தைப்பார், ஓரம் மடிப்பார். துணி வெட்டுவது கடைசியில். தைத்தது கோணினால் பிரித்துவிடலாம். வெட்டியது கோணினால் துணி போச்சு. யாரும் பாடத்திட்டம் போடாமலே, தவறின் விலையை வைத்து வரிசை அமைந்திருக்கிறது. ஷிப்பிங் பில்லிலும் அப்படி ஒரு வரிசை சாத்தியம்: முதலில் இன்வாய்ஸையும் பேக்கிங் லிஸ்டையும் ஒத்துப் பார்ப்பது, பிறகு வழக்கமான பார்ட்டியின் வழக்கமான சரக்கு, கடைசியில் புதுச் சரக்குக்குக் கோடு பிரிப்பது. கட்-ஆஃபுக்கு இரண்டு நாள் இருக்கும் பில்லைப் பையனிடம் கொடுக்கலாம்; இரண்டு மணி நேரம் இருப்பதைக் கொடுக்கக் கூடாது.

அதே நூலில் நேர்மாறான காட்சியும் உண்டு. இறைச்சி வெட்டும் தொழில் கற்கவந்த பையன்கள் பொட்டலம் கட்டும் இயந்திரத்தில் நிறுத்தப்பட்டார்கள், வெட்டுகிறவர்கள் கண்ணில் படாத இடத்தில். அவர்கள் வேலையைத் தாங்களே, யார் தலையீடும் இல்லாமல் செய்தார்கள். ஆனால் தொழில் வரவில்லை. தனியாக விடுவதைச் சுதந்திரம் என்று பெயர் சூட்டி ஏமாற்றுவது இன்று மிக மலிந்துவிட்டது. பயிற்சி என்ற பெயரில் ஒரு லாகின் ஐடியும் இரண்டு வீடியோவும் கொடுத்து உட்காரவைக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, இவனுக்குச் சுயமாக யோசிக்கத் தெரியவில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். அதைவிட அண்ணாச்சி மவுஸைப் பிடுங்குவது எவ்வளவோ மேல். பக்கத்தில் நின்று பார்க்கவாவது முடிகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் மூத்தவருக்குத் தொழில் சரியாகத் தெரியும் என்று வைத்துக்கொண்டு சொன்னது. அவருக்கே தெரியாவிட்டால்?

தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்பு இன்னும் நடக்கிறது. மூச்சை அடக்கிக் குளித்த காலம் போய், கம்ப்ரசர் குழாயும் சிலிண்டரும் வந்துவிட்டன. புதிதாக வரும் இளைஞன் மூத்த குளியாளியைப் பார்த்தே கற்கிறான். அவன் கையைப் பிடித்து யாரும் சங்கு எடுத்துக்கொடுப்பதில்லை. முதல் நாளிலிருந்தே தன் சங்கைத் தானே எடுக்கிறான். மேலாண்மை நூல்கள் கேட்கும் அத்தனை இலக்கணமும் இதில் பொருந்திவரும். ஆனால் மூச்சடக்கிக் குளித்த தலைமுறை கற்றுத் தந்த முதல் பாடம், வேலை முடிந்ததும் விறுவிறுவென்று மேலே வா என்பது. அன்றைக்கு அது உயிர் காத்தது. குழாய்க் காற்றைச் சுவாசிப்பவருக்கு அதே பழக்கம் எமன். ஆழத்தில் அழுத்தத்தால் உடம்பில் கரைந்த நைட்ரஜன், விரைந்து ஏறும்போது குமிழ்களாகப் பிரிகிறது. மூட்டு வலியில் தொடங்கி இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப் போவது வரை அது கொண்டுபோய் விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டே ஏறினால் நுரையீரல் விரிந்து கிழியும்.

என் முதல் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். தவறு நீருக்குள் தெரிவதில்லை. கரைக்கு வந்து, சில சமயம் சில மணி நேரம் கழித்து, வலியாக வருகிறது. வலிக்கும் இறங்கி ஏறிய விதத்துக்கும் உள்ள தொடர்பை யாரும் விளக்காவிட்டால், குளிர்ந்த தண்ணீர், வயசு, அலுப்பு என்று காரணம் மாறிப்போகும். மேலே நிற்பவர் பாசத்தோடு குழாயைப் பார்த்துக்கொண்டாலும் எத்தனை நிமிடம் எந்த ஆழத்தில் இருக்கலாம் என்ற கணக்கு அவரிடமும் இல்லாதபோது, அந்தப் பாசத்தால் ஒருவரையும் காப்பாற்ற முடியாது. தன் காலில் நிற்கக் கற்றுக்கொடுக்கும் வழக்கத்தின் மிகப் பெரிய ஓட்டை இது. மூத்தவரின் திறமையோடு அவருடைய அறியாமையும் புதியவருக்கு அப்படியே இறங்குகிறது. தொழிலின் கருவி மாறும்போது, பழைய ஆசான் தானும் மறுபடி மாணவராக வேண்டும். அதற்கு அவரை யாராவது மதிப்போடு அழைக்க வேண்டும்.

தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மாநில மீன்வளத் துறையின் அலுவலகம் இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவர்கள் மூவரும் சேர்ந்து முதலில் அழைக்க வேண்டியது பத்தொன்பது இருபது வயதுப் பையன்களை அல்ல, மூத்த குளியாளிகளை. ஆழத்துக்கும் நேரத்துக்குமான அட்டவணையைத் தமிழில் அச்சிட்டு, மெதுவாக ஏறும் முறையை அவர்களோடு கடலில் இறங்கிச் செய்துகாட்டுங்கள். ஒரு குளியாளிக்கு மூட்டில் வலி வந்தால் எங்கே கொண்டுபோவது என்பதையும் அவரிடமே சொல்லிவையுங்கள். அதன் பிறகு பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையை அந்த மூத்தவர்களிடமே விட்டுவிடுங்கள். அது நடக்கும்வரை, எந்தத் தகப்பனும் எந்தப் படகு முதலாளியும் புதுப் பையன் வாயில் கம்ப்ரசர் குழாயைக் கொடுத்து இறக்க வேண்டாம்.